நறுமணம் பரப்பும் சௌகந்திகம்

திருவனந்தபுரத்திலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில், மேற்குத் தொடர்ச்சி மலையில் அமைந்துள்ளது பொன்முடி. சுமார் 1,100 மீட்டர் உயரமுள்ள இம்மலையில் மழையும் குளிர்ச்சியும் மிகுதி. ஈரமும் இளநிழலும் விரும்பும் செடிகளுக்கு இத்தகைய சூழல் ஏற்றது. அவற்றுள் ஒன்று, மலையாள மக்கள் 'கல்யாண சௌகந்திகம்' என அழைக்கும் வெண்ணிறப் பூச்செடி. திரௌபதி விரும்பிய நறுமலரைத் தேடி வீமன் சென்ற பாரதக் கதையை இப்பெயர் நினைவூட்டுகிறது.

மாலையில் மலரும் பூ

இச்செடி இஞ்சிக் குடும்பத்தைச் சேர்ந்தது. இதன் அறிவியல் பெயர் ஹெடிக்கியம் கொரோனேரியம். 'ஹெடிக்கியம்' என்னும் சொல், 'இனிய', 'பனி' எனப் பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களால் ஆனது. இதன் பூக்கள் மாலையில் விரிந்து மணம் பரப்பும். வெண்ணிறம் இருளிலும் புலப்படும். ஆதலால் நீண்ட உறிஞ்சுகுழல் கொண்ட அந்துப்பூச்சிகள் தேனருந்த வந்து, மகரந்தச் சேர்க்கைக்கு உதவுகின்றன.

மண்ணுக்குள் வாழும் கிழங்கு

ஒரு பூ ஓரிரு நாளில் வாடிவிடும். ஆயினும், கதிரில் அரும்புகள் அடுத்தடுத்து மலர்வதால் மணம் பல நாள்கள் நீடிக்கும். ஒரு தண்டு ஒருமுறையே பூக்கும். அதனை அடியோடு வெட்டிவிட வேண்டும். கிழங்கிலிருந்து புதிய தண்டுகள் எழும். செடியைப் பல்லாண்டு வாழவைப்பது இக்கிழங்கே.

வளர்க்கும் முறை

பருவமழைக்கு முன்னர், ஓரிரு முளைகள் உள்ள கிழங்குத் துண்டுகளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மட்கிய சாணஎரு கலந்த மண்ணில், அவற்றைப் படுக்கை வாக்கில் ஆழமின்றி நட வேண்டும். செடிகளுக்கிடையே 60 சென்டிமீட்டர் இடைவெளி தேவை. வெயில் காலத்தில் மண் உலராதவாறு நீர் பாய்ச்ச வேண்டும். மூன்று, நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை நெருங்கிய கிழங்குகளைப் பிரித்து நடுவதால் பூக்கள் குறையாமல் கிடைக்கும்.

எல்லை காத்தல்

இச்செடியை வளர்ப்போர்க்கு ஒரு பொறுப்பும் உண்டு. ஹவாய்த் தீவுகளிலும் பிரேசிலிலும் தோட்டத்திற்கெனக் கொண்டு செல்லப்பட்ட இச்செடி, நீரோடைக் கரைகளில் பரவி அங்குள்ள இயற்கைத் தாவரங்களை நெருக்கிவருகிறது. சிறு கிழங்குத் துண்டும் வேரூன்றும் ஆற்றல் உடையது. பொன்முடி போன்ற மலைகளில் நீரோடைகள் பல; அவற்றின் கரைகளில் அரிய தாவரங்கள் வாழ்கின்றன. எனவே, பிரித்தெடுத்த கிழங்குகளை ஓடையிலோ காட்டிலோ எறிதல் கூடாது. தோட்டத்தின் அழகைப் பேணுவது போலவே, அதன் வேலிக்கு அப்பாலுள்ள காட்டைக் காப்பதும் நம் கடமையாகும்.