கோபத்தின் தலைமடை

அச்சம் எவற்றால் பிறக்கும் என்று மெய்ப்பாட்டியலில் வகுக்கப் புகுந்த தொல்காப்பியர், அணங்கு, விலங்கு, கள்வர் என்று மூன்றைச் சொல்லிவிட்டு, நான்காவதாகத் தம் இறையையும், அதாவது தமக்கு மேலே அதிகாரம் செலுத்துகிறவரையும், அந்த வரிசையிலேயே சேர்த்துவிட்டார். புலிக்கும் திருடனுக்கும் பக்கத்தில் எஜமானனை உட்கார வைத்தது துணிச்சல்தான் என்றாலும், தஞ்சை ஜில்லாவின் பண்ணைச் சரித்திரத்தை அறிந்தவர்களுக்கு அது மிகையாகத் தோன்றாது.

மிராசுதாரர் காலையில் எந்த மனோபாவத்தோடு எழுந்தாரோ, அது காரியஸ்தரின் வாயில் வசவாகி, பெரும்பாலும் தாழ்த்தப்பட்ட சாதியினரான பண்ணையாட்களின் முதுகில் சவுக்கடியாக இறங்கிய காலம் ஒன்று இங்கே இருந்தது. சாணியைக் கரைத்துக் குடிக்கச் செய்வதும் அன்று ஒரு தண்டனை. கம்யூனிஸ்ட் தலைவர் பி. சீனிவாச ராவ் முதலானோர் 1940-களில் கட்டிய விவசாயிகள் சங்கம் இவற்றை எதிர்த்து நின்றது. 1952-இல் ராஜாஜியின் ஆட்சி பண்ணையாள் பாதுகாப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தது. சட்டத்தால் ஒருவருடைய கோபத்தை அடக்க முடியாதுதான். ஆனால் கோபம் வந்த மாத்திரத்தில் ஒரு குடும்பத்தின் பிழைப்பைப் பறித்துவிடும் சுதந்திரம் அதனால் குறுகிற்று.

இன்று சவுக்கு இல்லை. எனினும், தலைமடையில் திறந்துவிட்ட தண்ணீர் கடைமடைக்கு வந்து சேருவது போல மேலிடத்துக் கலக்கம் கீழே இருப்பவரிடம் வந்து சேருவதை, ஐப்பசி மாதத்தில் ஏதாவதொரு நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் அரை நாள் நின்றால் பிரத்தியட்சமாகக் காணலாம். குறுவை அறுவடையும் வடகிழக்குப் பருவமழையும் ஒன்றாக வருகிற சமயம் அது. முறைக்காகக் காத்திருக்கும் விவசாயி, தூறலுக்குத் தார்ப்பாயை மூடி, வெயிலுக்குத் திறந்து, குவியலின் அடியில் நெல் முளைவிட்டதா என்று கையை விட்டுத் துழாவிக்கொண்டே இருக்கிறார். பட்டியல் எழுத்தர் ஒரு பிடி நெல்லை ஈரப்பதமானியில் போடுகிறார். எண், விதி அனுமதிக்கும் 17 சதவீதத்தைத் தாண்டுகிறது.

"காயவச்சு எடுத்தாங்க."

"எங்க சார் காயவைக்கிறது? வானத்தைப் பாத்தீங்களா?"

வார்த்தை தடிக்கிறது. மூட்டைக் கணக்கில் கூலி வாங்கும் சுமைதூக்குவோரும், 40 கிலோ மூட்டை ஒன்றுகூட நகராத எரிச்சலில், குரலை உயர்த்துகிறார்கள்.

எழுத்தர் கல்நெஞ்சரா என்றால், இல்லை. ஈர நெல்லை வாங்கிவைத்துப் பின்னால் எடை குறைந்தால் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். விதியைத் தளர்த்தும் அதிகாரமோ டில்லியில் இருக்கிறது. தமக்கு உரிமையில்லாத ஒரு தீர்மானத்தின் முகமாக அவர் அந்த மேஜையில் அமர்த்தப்பட்டிருக்கிறார். ஆர்லி ஹாக்ஸ்சைல்டு என்ற அமெரிக்க சமூகவியலாளர், 1983-இல் வெளியான தமது நூலில், விமானப் பணிப்பெண்கள் சம்பளத்துக்காகப் புன்னகையையும் உற்பத்தி செய்ய நேர்வதை 'உணர்ச்சி உழைப்பு' என்று குறிப்பிட்டார். நம் எழுத்தர் செய்வதும் அவ்வகை உழைப்பே, புன்னகைக்குப் பதில் கண்டிப்பு என்பதுதான் வேற்றுமை.

இத்தகையவர்களைக் கூட்டிவைத்துக் கோபத்தை அடக்கும் பயிற்சி அளிப்பது இப்போது நாகரிகமாகிவிட்டது. பயிற்சி இருக்கட்டும். ஈரப்பதத் தளர்வு உண்டா இல்லையா என்பதை அறுவடைக்கு முன்பே அறிவித்து, நிலையந்தோறும் ஓர் உலர்களமும் கூரையும் அமைத்துத் தருமாறு அதிகாரத்தில் இருப்பவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.