வெயிலைக் கணக்குப் போட்ட 'முள் பழம்'!

மதுரை சிம்மக்கல் பக்கம் கடைவீதிகளைக் கவனித்திருக்கிறீர்களா? கிழக்குப் பார்த்த கடைகளில் காலையில் படுதா இறங்கும். உச்சிப்பொழுதில் சுருண்டு விடும். எதிர்வரிசைக் கடைகளிலோ, மதியத்துக்குப் பிறகுதான் படுதா இறங்கும். சூரியன் எந்தப் பக்கமோ, மறைப்பும் அந்தப் பக்கம்!

இதே கணக்கில் ஒரு பெரிய கட்டடமே சிங்கப்பூரில் உள்ளது. 'எஸ்பிளனேட்' என்னும் கலையரங்கம் அது. 2002 அக்டோபரில் திறக்கப்பட்டது. கூரையெல்லாம் முள், முள்ளாக இருப்பதால், மக்கள் அதைச் செல்லமாக 'டுரியான்' என்கின்றனர். நம் பலாவைப் போல முள் தோல் கொண்ட பழம் அது.

முள் எதற்கு? 1994ல் காட்டப்பட்ட மாதிரியில், வெறும் கண்ணாடிக் கூடுதான் இருந்தது. வெயில் ஊரில் இது அடுப்பாகி விடாதா என்று பலர் கேட்டனர். நியாயமான கேள்வி! கண்ணாடி வழியே வெயில் எளிதாக நுழையும். உள்ளே உண்டாகும் வெப்பம் எளிதில் வெளியேறாது. வெயிலில் பூட்டி நிற்கும் காரைத் திறந்து பார்த்தவர்களுக்கு இது தெரியும்.

முழுவதும் மூடினால் இருட்டு. அதனால், கண்ணாடி மேல் 7,000க்கும் மேற்பட்ட முக்கோண அலுமினிய மறைப்புகளைப் பொருத்தினர். எல்லாம் ஒரே மாதிரி இல்லை. அந்தந்த இடத்தில் வெயில் விழும் கோணத்துக்கு ஏற்ப மாறுகின்றன. நேர் வெயில் தடைபடும். வெளிச்சம் மட்டும் உள்ளே வரும்.

இத்தனைக்கும் தனித்தனியே படம் வரைய முடியுமா? இதற்குத்தான் 'பாராமெட்ரிக் டிசைன்' என்ற முறை உள்ளது. y = 2x என்று அல்ஜீப்ராவில் படிப்பீர்களே... x மாறினால் y தானே மாறும். அதுபோல், வெயிலின் கோணத்தைக் கொடுத்தால், எழுதி வைத்த விதிப்படி கம்ப்யூட்டர் எல்லா மறைப்புகளையும் மாற்றி வரைந்து விடும்.

அப்படியானால், சிங்கப்பூர் கூரையை மதுரையில் அப்படியே கட்டலாமா? கூடாது! சிங்கப்பூர் பூமத்திய ரேகைக்கு வடக்கே சுமார் 1 டிகிரியில் உள்ளது. மதுரை சுமார் 10 டிகிரியில். அங்கே, ஆண்டில் ஏறக்குறைய பாதி நாள் நண்பகல் சூரியன் வடக்கே சாய்ந்திருக்கும். இங்கோ, ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரைதான். விதி ஒன்றே, அளவு ஊருக்கு ஊர் வேறு. காப்பி அடித்தால், விடை தப்பாகத்தான் வரும்!

செய்து பாருங்கள்: அட்டைப் பெட்டியில் ஒரு ஜன்னல் வெட்டி, அதன் மேல் விளிம்பில் அட்டைத் துண்டைப் படுக்கையாக ஒட்டுங்கள். ஜன்னல் மேற்கே பார்க்கும்படி பெட்டியை வெயிலில் வையுங்கள். 1 மணிக்கும், 4 மணிக்கும் உள்ளே எவ்வளவு வெயில் விழுகிறது என்று குறியுங்கள். 4 மணி வெயிலை அந்த அட்டை ஏன் தடுக்கவில்லை? கண்டுபிடித்து விட்டால், நீங்களும் குட்டி இன்ஜினியர்தான்!