நேரு கோப்பையும் அதன் களங்களும்: இந்திய மண்ணில் ஒரு பன்னாட்டுக் கால்பந்துப் போட்டி (1982–2012)

இந்தியக் கால்பந்தின் வரலாறு பேசப்படுமிடத்து 1951, 1962 ஆம் ஆண்டுகளின் ஆசிய விளையாட்டுத் தங்கங்களும், 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் பெற்ற நான்காம் இடமும் முதலில் நினைவுக்கு வருகின்றன. தஞ்சைப் பகுதியைச் சேர்ந்த சைமன் சுந்தரராஜ் 1960 ரோம் ஒலிம்பிக்கில் பெரு அணிக்கு எதிராக அடித்த கோல், ஒலிம்பிக்கில் இந்தியா அடித்த இறுதிக் கோலாக இன்றும் நிற்கிறது. அதன்பின் வந்த தளர்ச்சியை ஈடுசெய்ய அனைத்திந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு மேற்கொண்ட முயற்சிகளுள் தலையாயது நேரு கோப்பை. வெளிநாடு சென்று வலிய அணிகளோடு மோதும் வாய்ப்பு அரிதாக இருந்த நிலையில், அவ்வணிகளையே இங்கு வரவழைப்பது அதன் நோக்கம்.

முதற்போட்டி 1982இல் கொல்கத்தாவில் நடந்தது. சீனாவை வென்று உருகுவே கோப்பையைப் பெற்றது. என்சோ பிரான்செஸ்கோலி தம் நாட்டு அணிக்காக முதன்முதலில் ஆடியது இப்போட்டியில்தான். 1984இல் கார்லோஸ் பிலார்டோவின் பயிற்சியில் அர்ஜென்டினா வந்தது. மரடோனா அவ்வணியில் இல்லை. ஈடன் கார்டனில் அவ்வணியிடம் இந்தியா 1–0 என்று மட்டுமே தோற்றது. ஈராண்டுகளின்பின் பிலார்டோவின் அணி உலகக் கோப்பையை வென்றது. அவ்வாண்டுக் கோப்பை போலந்துக்குச் சென்றது. சோவியத் ஒன்றியம் 1985 முதல் 1988 வரை தொடர்ந்து நான்கு முறை வென்றது. முதல் ஐந்து போட்டிகளில் நான்கு முறை இறுதியாட்டத்திற்கு வந்தும் சீனா ஒருமுறைகூட வெல்லவில்லை என்பது தனியே குறிக்கத்தக்கது.

1982 முதல் 1997 வரை நடந்த 12 போட்டிகளில் ஆறு கேரளத்திலும் (கொச்சி 3, திருவனந்தபுரம் 2, கோழிக்கோடு 1), நான்கு மேற்கு வங்கத்திலும் (கொல்கத்தா 3, சிலிகுரி 1) நடந்தன. கோவாவின் மட்காவுக்கு 1989இல் ஒரு வாய்ப்பு, தமிழகத்திற்கும் ஒன்றே. 1993இல் சென்னை நேரு விளையாட்டரங்கில் நடந்த அப்போட்டியில் ருமேனியாவை வென்று வடகொரியா கோப்பையைக் கொண்டது. அதே மைதானம் 1956 முதல் 1965 வரை கிரிக்கெட் டெஸ்ட் ஆட்டங்களுக்குக் களமாக இருந்தது. வினு மன்காட், பங்கஜ் ராய் இணையின் 413 ஓட்டங்கள் அங்குத்தான் எடுக்கப்பட்டன. சென்னையின் பொதுநினைவில் 413 தங்கியது போல வடகொரியாவின் வெற்றி தங்கவில்லை என்றே தோன்றுகிறது.

காலத்தெரிவும் கருதத்தக்கது. ஐரோப்பிய அணிகள் பயணம் மேற்கொள்ளத்தக்க குளிர்கால ஓய்வை ஒட்டிப் பல போட்டிகள் ஆண்டின் தொடக்க மாதங்களில் அமைந்தன. கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னைக்குத் தெற்கே உள்ள மரக்காணத்து உப்பளங்களுக்கு இது பொருந்தாத பருவம். வடகிழக்குப் பருவமழையால் பாத்திகள் நீரில் மூழ்கும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையே அங்கு வேலையற்ற காலம். சனவரியில் நீரை வடித்து, சேற்றை வாரி, பாத்தியின் தரையை மிதித்து இறுக்கும் பணி தொடங்கிவிடும். ஐரோப்பியன் ஓய்ந்திருக்கும் நாளில் அளத்துத் தொழிலாளி ஓய்ந்திருப்பதில்லை. விளையாட்டு வரலாற்றை எழுதுவோர் நுழைவுச்சீட்டின் விலையை நோக்குமளவிற்கு உழைப்பின் நாட்காட்டியையும் நோக்குதல் வேண்டும்.

முதல் 12 போட்டிகளில் இந்தியா ஒருமுறையும் இறுதியாட்டத்தை எட்டவில்லை. பத்தாண்டு இடைவெளிக்குப்பின் தில்லியில் நடந்த மூன்று போட்டிகளிலும் (2007, 2009, 2012) இந்தியாவே வென்றது. இதனை வளர்ச்சி என்று கொள்வது எளிது. ஆனால் எதிரணிகளைப் பார்த்தபின் அவ்வாறு கொள்ள இயலாது. 2007இல் வந்தவை சிரியா, கிர்கிஸ்தான், வங்கதேசம், கம்போடியா. 2009இல் சிரியாவை வென்றதும் 2012இல் கேமரூனை வென்றதும் பெனால்டி உதைகளால். அந்தக் கேமரூனும் முதல்நிலை அணியன்று. முற்காலத்திலும் சில நாடுகள் முழு அணியை அனுப்பவில்லை எனினும், போட்டியாளரின் தரத்தில் உள்ள இடைவெளி மறைக்கவியலாதது. வென்ற கோப்பைகளைக் காட்டிலும் தோற்ற ஆட்டங்களே பயன் தந்தன என்பது என் கருத்து: அர்ஜென்டினாவிடம் தோற்ற அதே 1984இல்தான், கொல்கத்தாவில் நடந்த தகுதிச்சுற்றைக் கடந்து இந்தியா இருபதாண்டுகளுக்குப்பின் ஆசியக் கோப்பைக்குள் நுழைந்தது. 2012க்குப்பின் நேரு கோப்பை நடத்தப்படவில்லை. 2018இல் மும்பையில் தொடங்கிய கண்டங்களுக்கிடையிலான கோப்பை அவ்விடத்தை நிரப்பியது.