பிரியாணி மிச்சத்தால் நாய்க்கு வந்த வினை! வயிறு கெட்டால் என்ன சமைத்துப் போடுவது?

சென்னை,
ஞாயிற்றுக்கிழமை வீட்டில் பிரியாணி. எல்லோரும் சாப்பிட்டு முடித்ததும் மிச்சம் மீதி, எலும்பு, எண்ணெய்ச் சோறு எல்லாம் நாயின் தட்டுக்குப் போகும். "அதுவும் ஒரு நாள் ருசியா சாப்பிடட்டுமே!" என்பார்கள்.

மறுநாள் நாய் மூலையில் சுருண்டு கிடக்கும். வாந்தி, பேதி. சில நாய்கள் முன்னங்கால்களைத் தரையில் நீட்டி, பின்பக்கத்தைத் தூக்கி, கும்பிடுவது போல நிற்கும்.

அது கும்பிடு அல்ல. வயிற்று வலி!

கணையம் வீங்கும்

கொழுப்பு மிகுந்த தீனி திடீரென்று உள்ளே போனால் சில நாய்களுக்குக் கணையம் வீங்கி விடும். சாப்பாட்டைச் செரிக்க வைக்க வேண்டிய நீர், கணையத்தையே அரிக்கத் தொடங்கும். உயிருக்கே உலை வைக்கும் நோய் இது.

"பாவம், பால் சோறு பிசைஞ்சு வை" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வது உண்டு. வளர்ந்த நாய்கள் பலவற்றுக்குப் பால் செரிக்காது. பேதி இன்னும் கூடும்.

முதலில் டாக்டரிடம் காட்ட வேண்டும். வாந்தி நின்று, அவர் "சாப்பாடு கொடுக்கலாம்" என்ற பிறகுதான் அடுப்பைப் பற்ற வைக்க வேண்டும்.

எப்படி சமைப்பது?

தோலும் எலும்பும் இல்லாத கோழி நெஞ்சுக்கறியை வெறும் தண்ணீரில் வேக வைக்க வேண்டும். உப்பு, மிளகாய், எண்ணெய், மசாலா எதுவும் கூடாது. வெங்காயம், பூண்டு கூடவே கூடாது. அவை நாயின் ரத்த அணுக்களை அழிக்கும்.

வெந்த தண்ணீரை ஆற வைத்து, மேலே படியும் கொழுப்பை வழித்து எறிய வேண்டும். வெள்ளை அரிசிச் சோற்றைக் குழைய வடித்து, 2 பங்கு சோற்றுக்கு 1 பங்கு கறி என்று பிசைந்து கொடுக்கலாம்.

ஒரேயடியாகத் தட்டு நிறைய வைக்கக் கூடாது. கொஞ்சம் கொஞ்சமாக ஒரு நாளைக்கு 4, 5 வேளை. பக்கத்தில் எப்போதும் சுத்தமான தண்ணீர் இருக்க வேண்டும். வயிறு சரியானதும் பழைய தீனியை நாளுக்கு நாள் சிறிது சிறிதாகக் கலந்து, ஒரு வாரத்தில் மாற்றலாம். கணைய நோய் வந்த நாய்க்கு டாக்டர் சொன்ன கொழுப்பு குறைந்த தீனிதான்.

இதுவே போதுமா?

"இது நல்லா ஒத்துக்குது. இனிமே இதையே போட்டுடலாம்" என்று நினைப்பவர்கள் ஏமாந்து போவார்கள். கோழியும் சோறும் சில நாளைக்குத்தான். அதில் சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு. மாதக்கணக்கில் போட்டால் எலும்பு பலவீனமாகும்.

அமெரிக்காவில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் கால்நடை மருத்துவர்கள், நாய்களுக்கான 200 வீட்டுச் சமையல் குறிப்புகளைச் சோதித்து 2013-ல் முடிவை வெளியிட்டார்கள். நூற்றுக்கு 95 குறிப்புகளில் ஏதாவது ஒரு முக்கியச் சத்தாவது குறைவாக இருந்தது! எனவே தொடர்ந்து வீட்டுச் சாப்பாடு போடுபவர்கள், எந்தச் சத்து மாவு எவ்வளவு சேர்ப்பது என்று டாக்டரிடம் கேட்டே செய்ய வேண்டும்.

உடனே ஓடுங்கள்!

மலத்தில் ரத்தம், நிற்காத வாந்தி, தண்ணீர்கூடக் குடிக்காமல் சோர்ந்து கிடப்பது - இதில் எது இருந்தாலும் சமையலை நம்பி நேரத்தைக் கடத்தக் கூடாது. குட்டி என்றால் ஒரு நாள்கூடப் பொறுக்கக் கூடாது. பார்வோ நோயாக இருக்கலாம்.

1903-ல் தொடங்கிய சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் ஆஸ்பத்திரி வேப்பேரியில் இருக்கிறது. நாய் கடைசியாக என்ன சாப்பிட்டது, எப்போது சாப்பிட்டது என்பதை மறைக்காமல் டாக்டரிடம் சொல்ல வேண்டும். பிரியாணி என்றால் பிரியாணி என்றே சொல்ல வேண்டும்.