பாவை காட்டும் பருவம்

மாணவர்களே, ஆனி மாதத்தின் தொடக்கத்தில் ஒரு நாள், முதல் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பருவப் பாட்டுக் கற்பிக்கச் சென்றிருந்தேன். "ஆனியும் ஆடியும் முதுவேனில். வெயில் மிகுந்த காலம்" என்று கரும்பலகையில் எழுதிவிட்டுத் திரும்பினேன். முன்வரிசையில் இருந்த சிறுமி ஒருத்தி, நீர் சொட்டும் தன் குடையை மடியில் வைத்துக்கொண்டு சாளரத்தைச் சுட்டிக் காட்டினாள். "டீச்சர், வெளியே மழையில்லையா பெய்யுது?" என்றாள். வகுப்பே சிரித்தது. எனக்கு அப்போது விடை தோன்றவில்லை.

அன்று மாலை முழுவதும் அந்தக் கேள்வி என்னை விட்டு அகலவில்லை. தமிழ்ப் புத்தகம் சொல்வது ஒன்று, கண் காண்பது வேறொன்று என்று அந்தக் குழந்தை எண்ணிவிட்டால், தமிழ் என்பது எங்கோ தொலைவில் உள்ள தாத்தா பாட்டியின் பேச்சு, இந்த ஊருக்கு ஒட்டாதது என்ற எண்ணமும் உடன் வந்துவிடும். வீட்டில் தமிழும் வெளியில் மலையாளமும் பேசி வளரும் உங்களுக்கு நான் சொல்வது எளிதில் புரியும்.

உண்மையில் இரண்டும் சரியே. நம் முன்னோர் ஓர் ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தனர். ஆவணியும் புரட்டாசியும் கார். ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். மார்கழியும் தையும் முன்பனி. மாசியும் பங்குனியும் பின்பனி. சித்திரையும் வைகாசியும் இளவேனில். ஆனியும் ஆடியும் முதுவேனில். திருவனந்தபுரத்திலோ இடவ மாதத்தின் பாதியில், ஏறத்தாழ ஜூன் முதல் நாளையொட்டி, மழை தொடங்கிவிடுகிறது. அதனால்தான் அதனை இடவப்பாதி என்கின்றனர். அரபிக் கடலிலிருந்து ஈரத்தைச் சுமந்து வரும் தென்மேற்குப் பருவக்காற்று, மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி மேலெழுகிறது, எழும்போது குளிர்கிறது, குளிர்ந்த ஈரம் மலைக்கு மேற்கே மழையாகக் கொட்டிவிடுகிறது. 1868 மீட்டர் உயரமுள்ள அகத்தியர் மலையைத் தாண்டிக் கிழக்கே இறங்கும் காற்றில் மிஞ்சும் ஈரம் குறைவு. ஆகவே அதே நாளில் திருநெல்வேலிச் சீமையின் சமவெளியில் வெயில் காய்கிறது. இத்தகைய நிலப்பகுதியை மழை மறைவுப் பகுதி என்பர். செங்கோட்டை, குற்றாலம் பக்கத்துப் பிள்ளைகள் "எங்கள் ஊரில் சாரல் உண்டே" என்று குறுக்கிடுவீர்கள். உண்டு, மலையடிவாரத்திற்குக் கிடைத்த பேறு அது.

இவ்வளவையும் ஆறு வயதுக் குழந்தைக்கு எவ்வாறு சொல்வது? கரும்பலகையால் இயலாது. மறுநாள் இரண்டு மேசைகளுக்கு நடுவே ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டினேன். பழைய திருமண அழைப்பிதழ்களின் கெட்டித் தாளில் ஒரு மலையையும் இரண்டு பாவைகளையும் வெட்டி, தென்னை ஈர்க்கில் ஒட்டினேன். மேற்கே குடை பிடித்தவள் குஞ்சம்மா. கிழக்கே விசிறி பிடித்தவள் செல்லம்மா. பின்னால் ஒரு மின்விளக்கு. பாட்டு நான்கே அடிதான், நானே கட்டியது:

மலைக்கு மேற்கே மழை மழை
குடையை விரி குஞ்சம்மா
மலைக்குக் கிழக்கே வெயில் வெயில்
விசிறி வீசு செல்லம்மா

ஓர் அடிக்கு இரண்டு 'தகதிமி'. இலக்கியம் என்று யாரும் சொல்லமாட்டார்கள்; ஆனால் மூன்றாம் முறை பாடுகையில் வகுப்பு முழுவதும் உடன் பாடிற்று. குடைச் சிறுமி குஞ்சம்மாவின் குரலைத் தானே எடுத்துக்கொண்டாள்.

முதல் நாள் ஒரு பிழையும் செய்தேன். பாவைக்குக் கை, கால், கழுத்து எல்லாம் அசையுமாறு நூல் கட்டியிருந்தேன். பிள்ளைகள் வாயைத் திறந்து வேடிக்கை பார்த்தார்களே தவிர, பாட்டை மறந்தார்கள். பாவை தாளத்தைக் காட்ட வேண்டும். தாளத்தைத் தின்றுவிடக் கூடாது. அசைவு மிகுந்தால் கண் வெல்லும், காது தோற்கும். எனவே எல்லா நூலையும் அறுத்துவிட்டு ஒரு கையை மட்டும் அசையவிட்டேன். அடி தொடங்கும்போது கை எழும். அடி முடியும்போது தாழும். கை தாழ்ந்தால் பாட்டும் நிற்க வேண்டும் என்பது விதி. பாடத் தொடங்குவதைவிட நிறுத்துவதே சிறுவர்க்குக் கடினம் என்பதை அன்று கண்டேன்.

இந்த ஒற்றைக் கை நுட்பத்தை நான் கண்டுபிடிக்கவில்லை. பாலக்காடு, ஷொர்ணூர்ப் பகுதிகளில் பகவதி கோயில்களில் நிகழும் தோல்பாவைக் கூத்தில், பெரும்பாலான பாவைகளுக்கு ஒரு கைதான் அசையும். அந்தக் கூத்தைப் பற்றி நீங்கள் கட்டாயம் அறிய வேண்டும். ஏனெனில் அது கேரள மண்ணில் நிகழும் தமிழ்க் கூத்து.

அறுவடை முடிந்த பின், தை முதல் வைகாசி வரையிலான மாதங்களே அதன் காலம். கோயிலுக்கு எதிரே கூத்துமாடம் என்னும் நீண்ட அரங்கு நிலையாகவே கட்டப்பட்டிருக்கும். மேலே வெள்ளையும் கீழே கறுப்புமாக நெடுந்திரை. அதன் பின்னால், தேங்காய் மூடிகளில் எண்ணெய் ஊற்றி ஏற்றிய 21 விளக்குகள் வரிசையாக எரியும். முற்காலத்தில் மான் தோலில் பாவைகளைச் செதுக்கினர். இக்காலத்தில் ஆட்டுத் தோலும் எருமைத் தோலும் பயன்படுகின்றன. தோலில் இடும் நுண்துளைகளின் வழியே ஒளி கசிந்து, நகையாகவும் ஆடையாகவும் திரையில் மின்னும். கதை இராமாயணம். பாடப்படுவனவோ கம்பர் பாடல்கள்! பாட்டைப் பாடி, அதன் பொருளைத் தமிழும் மலையாளமும் கலந்த நடையில் விரித்துரைப்பர். ஏழு இரவு, பதினான்கு இரவு, இருபத்தோர் இரவு எனக் கோயிலுக்கேற்பக் கூத்து நீளும்.

கூத்து நடத்துவோரைப் புலவர் என்றே அழைக்கின்றனர். அவர்கள் வீட்டில் பேசுவது மலையாளம். பிள்ளைப் பருவத்திலேயே தந்தையின் அருகில் அமர்ந்து, செவிவழியாகத் தமிழ்ப் பாடல்களை மனப்பாடம் செய்கின்றனர். தமிழை எழுத்துக்கூட்டிப் படிக்கத் தயங்கும் உங்களுட் சிலருக்கு இச்செய்தி ஊக்கம் தரலாம். எழுத்துக்கு முன்பே செவி உண்டு. (இதைச் சாக்காக வைத்து எழுத்துப் பயிற்சியை விட்டுவிடலாகாது.) கூனத்தறையைச் சேர்ந்த கிருஷ்ணன்குட்டிப் புலவர் இக்கலையைக் கோயிலுக்கு வெளியேயும் கொண்டு சென்றார். அவர் மகன் இராமச்சந்திரப் புலவருக்கு 2021ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

இன்னொரு வியப்பு. பல இரவுகளில் கூத்துமாடத்தின் முன்னால் பார்வையாளர் ஒருவரும் இருப்பதில்லை. தாரிகனோடு போரிட்டுக்கொண்டிருந்ததால் பத்திரகாளியால் இராவண வதத்தைக் காண இயலவில்லை. அதை அவளுக்குக் காட்டவே இக்கூத்து என்பது மரபுக்கதை. ஆகையால் அம்மன் ஒருத்தி கேட்டாலே போதும். ஆளில்லா முற்றத்தை நோக்கி விடியும்வரை தமிழ் பாடும் அந்த மனிதர்களை நினைக்கும்போது, முப்பது பிள்ளைகள் கேட்கும் வகுப்பில் நான் சலித்துக்கொள்வது எனக்கே நாணமாகத் தோன்றுகிறது.

மீண்டும் நம் வகுப்பறைக்கு வருவோம். பாவையைத் திரையோடு ஒட்டிப் பிடித்தால் நிழல் சிறிதாகவும் கூர்மையாகவும் விழும். விளக்கை நோக்கி நகர்த்தினால் பெரிதாகி மங்கும். மேகத்தை விளக்கருகிலிருந்து மெல்லத் திரையை நோக்கிக் கொணர்ந்தால், தொலைவில் கலங்கிய கருமை திரண்டு மழைமேகமாக வடிவெடுப்பது போலிருக்கும். எண்ணெய் விளக்கு வேண்டா; தாளும் துணியும் அருகில் இருக்கின்றன.

ஓசைக்கும் கருவிகள் உண்டு. தகர டப்பாவில் ஒரு கைப்பிடி பச்சைப்பயறு இட்டு மூடி, மெல்லச் சாய்த்தால் தூறல். விரைந்து சாய்த்தால் பெருமழை. கருவி இல்லாதவர் ஒரு விரலால் உள்ளங்கையைத் தட்டத் தொடங்கி, இரண்டு, மூன்று, நான்கு விரல் என ஏற்றிப் பின் இறக்கட்டும். மழை வந்து ஓய்வதைக் கேட்கலாம். பனை விசிறியை மேசை விளிம்பில் அடித்தால் முதுவேனிலின் வறண்ட ஓசை கிடைக்கும். இவற்றைப் பாட்டின் இரண்டாம் 'தகதிமி'யில் மட்டும் ஒலிக்கச் செய்க. எப்போதும் ஒலித்தால் இரைச்சலே மிஞ்சும்.

பருவத்திற்கென இசை ஒதுக்கும் வழக்கம் நம் நகரத்திலும் உண்டு. ஆண்டுதோறும் நவராத்திரியின்போது பத்மநாபபுரத்துச் சரசுவதியும், வேளிமலைக் குமாரசுவாமியும், சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும் ஊர்வலமாகத் திருவனந்தபுரம் வருகின்றனர். அந்தச் சரசுவதி கம்பர் வழிபட்ட திருவுருவம் என்பது மரபு. பாலக்காட்டில் கம்பர் பாட்டு. இங்கே கம்பர் வழிபட்ட கலைமகள்! கோட்டைக்கு அருகிலுள்ள நவராத்திரி மண்டபத்தில், மன்னர் சுவாதித் திருநாள் (1813–1846) இயற்றிய ஒன்பது கீர்த்தனைகள் நாளுக்கொன்றாகப் பாடப்பெறும். முதல் நாள் சங்கராபரணம், இரண்டாம் நாள் கல்யாணி என இராகம் முன்பே வரையறுக்கப்பட்டுள்ளது. அங்கு முதன்முதலில் பாடிய பெண் பாறசாலை பொன்னம்மாள், ஆண்டு 2006. வீட்டில் கொலு வைப்போர், படிக்கொரு பொம்மையை அந்தந்த நாளின் பாட்டுக்கு உரியதாக்கித் தம்பி தங்கையரைப் பாடச் செய்யலாம்.

பாவைகளை வகுப்புச் சுவரில் மாட்டிவைத்தோம். சில வாரங்கள் சென்றபின் அதே சிறுமி என்னிடம் வந்து, "டீச்சர், செல்லம்மாவுக்கு மழையே கிடையாதா? பாவம்" என்றாள். இம்முறை என்னிடம் விடை இருந்தது. ஐப்பசியில் காற்று திசை மாறும். வடகிழக்குப் பருவமழை வங்கக் கடலிலிருந்து எழுந்து தமிழகத்தை நனைக்கும். இங்கும் துலாவர்ஷம் என்ற பெயரில் மாலைதோறும் இடியோடு பெய்யும். அப்போது மலைக்கு இருபுறமும் மழை. கூதிர் தொடங்குமுன் செல்லம்மாவுக்கும் ஒரு குடை வெட்ட வேண்டும்.

அந்தக் குடையை நீங்கள் வெட்டி வருக. துளையிட்டு, வண்ணக் கண்ணாடித் தாள் ஒட்டிக் கொணர்ந்தால் நன்று. பாட்டின் பின்னிரண்டு அடிகளை ஐப்பசிக்கு ஏற்ப மாற்றி, அடிக்கு இரண்டு 'தகதிமி' அமையுமாறு எழுதுக.