உஷார்! உங்கள் பிள்ளையோடு யார் ‘காய்’?

பிள்ளை ஸ்கூல் விட்டு வந்ததும் முழங்காலில் சிராய்ப்பு இருக்கிறதா என்று பார்க்கிறீர்கள். டைரியைப் புரட்டுகிறீர்கள், டெஸ்ட் பேப்பரில் மார்க்கைப் பார்க்கிறீர்கள். எல்லாம் சரியாக இருந்தால் நிம்மதியாகக் காபி போடப் போய்விடுகிறீர்கள். கொஞ்சம் நில்லுங்கள். எந்தத் தழும்பும் வைக்காத ஒரு அடி இருக்கிறது. எங்கள் வீட்டிலேயே மூன்று வாரம் அது யார் கண்ணிலும் படவில்லை.

என் அக்கா மகள் 5-ம் வகுப்பு. பிறந்தநாளன்று கலர் டிரஸ் போட்டு, சாக்லேட் டப்பாவோடு போனாள். நம் ஊர்ப் பள்ளிகளின் வழக்கம் தெரியும்தானே? பிறந்தநாள் பிள்ளை ஒரு தோழியைக் கூட்டிக்கொண்டு வகுப்பு வகுப்பாகப் போய் டீச்சர்களுக்குச் சாக்லேட் கொடுத்துவிட்டு வரும். கூடப் போவது யார் என்பதுதான் அந்த வயசின் பெரிய அரசியல்.

சாயங்காலம், “உன்கூட யாருடி வந்தா?” என்று கேட்டேன். டப்பாவின் மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

“நானே போயிட்டு வந்துட்டேன் சித்தி.”

“ஏன்?”

“நான் கூப்பிட்டேன். எல்லாரும் அவ மூஞ்சியப் பார்த்தாங்க. அவ வேணாம்னு தலையாட்டினா.”

அந்த ‘அவ’ வகுப்பின் ராணி. வேனில் வேறொரு பெண் பக்கத்தில் இவள் உட்கார்ந்ததுதான் குற்றம். மூன்று வாரமாக வகுப்பே இவளோடு காய். திங்கள்கிழமை தவறாமல் வயிறு வலிக்கிறது என்றாள். நாங்கள் ஓமத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தோம்!

காய் எப்போது கசக்கிறது?

நட்பும் வயதோடு வளர்கிற விஷயம்தான். இரண்டு, மூன்று வயதுப் பிள்ளைகள் அருகருகே உட்கார்ந்திருப்பார்கள். ஆனால் விளையாட்டு தனித்தனி. மில்ட்ரெட் பார்ட்டன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1932-லேயே இதைப் படிப்படியாகப் பிரித்துக் காட்டினார். நாலைந்து வயதில் பக்கத்தில் இருப்பவனும் பொம்மை தருபவனும் நண்பன். காலையில் காய் விட்டால் இன்டர்வெல்லில் பழம். அந்தச் சண்டைக்குள் நாம் மூக்கை நுழைக்கவே வேண்டாம்.

எட்டு, ஒன்பது வயதில்தான் ஆட்டம் மாறுகிறது. ரகசியம், நம்பிக்கை, ‘பெஸ்ட் ஃபிரெண்ட்’ எல்லாம் வரும். எதைச் சொன்னால் இவள் சிரிப்பாள் என்று தெரிகிற அதே மூளைக்கு, எதைச் செய்தால் இவள் அழுவாள் என்றும் தெரிந்துவிடும். “அவகூடப் பேசினா நான் உன்கூடப் பேச மாட்டேன்” என்ற ஒரு வரி போதும். அமெரிக்காவில் 3 முதல் 6-ம் வகுப்பு வரையான பிள்ளைகளை ஆராய்ந்த நிக்கி கிரிக், ஜெனிஃபர் குரோட்பீட்டர் இருவரும் 1995-ல் இதையும் வன்முறை என்றே வகைப்படுத்தினார்கள். கைக்குப் பதில் உறவை வைத்து அடிக்கிற வன்முறை.

“இதுக்கெல்லாமா வலிக்கும்?” என்பவர்களுக்கு ஒரு சேதி. 2003-ல் வெளியான ஒரு பரிசோதனையில் கம்ப்யூட்டரில் பந்து எறியும் விளையாட்டு ஆடவைத்து, நடுவில் ஒருவருக்கு மட்டும் பந்தே வராமல் செய்தார்கள். மூளையை ஸ்கேன் எடுத்தால், உடல் வலியின் வேதனையோடு தொடர்புள்ள ஒரு பகுதி அங்கே வேலை செய்துகொண்டிருந்தது. ஆடியவர்கள் கல்லூரி மாணவர்கள். முன்பின் தெரியாதவர்களோடு ஆடிய சில நிமிட ஆட்டத்துக்கே இந்தக் கதி. வருஷம் முழுக்க அதே பெஞ்சில் உட்கார வேண்டிய பத்து வயசுப் பிள்ளையை நினைத்துப் பாருங்கள்.

இதெல்லாம் தெரிந்தால் உஷார்!

* ஞாயிறு இரவு முகம் வாடும், திங்கள் காலை வயிறு வலிக்கும், லீவில் மட்டும் வலி வராது.
* டிபன் பாக்ஸ் அப்படியே திரும்பி வரும். அல்லது “ரெண்டு பேருக்குக் கட்டிக் குடு” என்று கெஞ்சல்.
* பேனா, ஸ்டிக்கர், காசு காணாமல் போகும். சேர்த்துக்கொள்வதற்கு அங்கே கட்டணம் வசூலாகிறது என்று அர்த்தம்.
* தினமும் வாயில் வந்த ஒரு பெயர் திடீரென்று வராமல் போகும்.
* பெரிய பிள்ளை என்றால், போனைப் பார்த்துவிட்டு முகம் மாறும். இவளை மட்டும் விட்டுவிட்டு இன்னொரு வாட்ஸ்அப் குரூப் தொடங்கியிருப்பார்கள்.

அவசரப்பட்டு இதைச் செய்யாதீர்கள்

உடனே அந்தப் பெண்ணின் அம்மாவுக்குப் போன் போடாதீர்கள். பெரியவர்கள் சண்டையில் பிள்ளைக்கு இருந்த கொஞ்சம் இடமும் போய்விடும். “நீ கண்டுக்காத” என்றும் சொல்லாதீர்கள். அடுத்த முறை உங்களிடம் சொல்லவே மாட்டாள். “உன்மேல என்ன தப்பு?” என்ற கேள்வி இன்னும் மோசம்.

முதலில் முழுசாகக் கேளுங்கள். பிறகு வகுப்பு டீச்சரைத் தனியாகப் பார்த்து, உட்காரும் இடத்தையும் குரூப் வேலையையும் மாற்றச் சொல்லுங்கள். வகுப்பையே ஜெயிக்க வேண்டாம், ஒரே ஒரு தோழி போதும். 4, 5-ம் வகுப்புப் பிள்ளைகளை ஓராண்டு இடைவெளியில் கவனித்து 1999-ல் வெளியான ஆய்வும், நெருங்கிய நண்பர் இருப்பது சீண்டலின் பாதிப்பிலிருந்து காப்பாற்றுகிறது என்றே சொன்னது. நாங்கள் அந்த வேன் பெண்ணை ஞாயிற்றுக்கிழமை பஜ்ஜி சாப்பிடக் கூப்பிட்டோம். அடுத்த திங்களும் வயிறு வலித்தது. அதற்கடுத்த திங்கள் ஓமத் தண்ணீரைத் தேடவில்லை.

சாப்பாடு, தூக்கம் கெட்டாலோ, “நான் எதுக்கு இருக்கணும்?” என்ற பேச்சு வந்தாலோ ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள். குழந்தைகள் உதவி எண் 1098. மனநல உதவிக்கு 14416.

இன்னொரு உஷார், நமக்கு

தலையாட்டிய அந்தப் பெண்ணுக்கும் அம்மா உண்டு. “என் பொண்ணு லீடர் மாதிரி, எல்லாரும் அவ பேச்சைக் கேப்பாங்க” என்று அவர் பெருமைப்பட்டுக்கொண்டிருக்கலாம். “மார்க் கம்மியா எடுக்கறவனோட சேராத”, “அவங்க நம்ம ஆளுங்க இல்ல” என்று ஒதுக்கும் பாடத்தை நடத்துவது நம் வீடுகள்தான். தென் மாவட்டப் பள்ளிகளில் அது சாதிக் கயிறாக மணிக்கட்டில் ஏறியது. 2023-ல் நாங்குநேரியில் மாணவரே மாணவரை வெட்டும் அளவுக்குப் போனது. அதன்பின் அமைக்கப்பட்ட நீதிபதி கே.சந்துரு குழு, 2024-ல் தந்த அறிக்கையில் அந்தக் கயிறுகளுக்குத் தடை கேட்டது.

ஆகவே இன்று இரவு, “யாரோட உக்காந்து சாப்ட்ட?” என்று கேளுங்கள். அதோடு விடாமல், “இன்னிக்கு யாரை நீங்க சேத்துக்கல?” என்றும் கேளுங்கள்.