ஓட்டிசமும் மூளையின் குருதியோட்டமும்

மனித உடலின் நிறையில் மூளையின் பங்கு நூற்றுக்கு 2 அளவினதே. ஆயினும், இளைப்பாறும் வேளையில் உடல் கொள்ளும் ஒட்சிசனில் ஏறத்தாழ 20 பங்கு அதற்கே செல்கின்றது. மூளையில் எப்பகுதி மிகுதியாகத் தொழிற்படுகின்றதோ அப்பகுதிக்குக் குருதியும் மிகுதியாகப் பாயும். இத்தொடர்பினை 1890 ஆம் ஆண்டில் ரோய், செரிங்டன் என்னும் அறிஞர் இருவர் எடுத்துரைத்தனர். எனவே, குருதியோட்டத்தை அளத்தல் மூளையின் தொழிற்பாட்டை அறிதற்கு ஒரு வழியாயிற்று.

ஓட்டிசத்தை 1943 இல் அமெரிக்காவின் பால்ரிமோர் நகரில் 11 குழந்தைகளிடத்து விரித்துரைத்தவர் வைத்தியர் லியோ கானர். பிறரோடு உள்ளங்கலந்து பழகும் ஆற்றல் இவர்களிடம் பிறப்பிலேயே குறைந்துளது என்பது அவர் கருத்து. ஆயின், பெற்றோர் சிலரின் உணர்ச்சிக் குறைவையும் அவர் சுட்டினார். அதனைப் பற்றுக்கோடாகக் கொண்டு, தாயின் அன்பின்மையே காரணம் என்னும் கொள்கை பரவிற்று. 1967 இல் வெளிவந்த புரூனோ பெத்தல்கைமின் நூல் அதற்கு வலுவூட்டியது. தாயர் பலர் தாம் செய்யாத குற்றத்துக்குப் பழி சுமந்தனர்.

2000 ஆம் ஆண்டில் பிரான்சிய ஆய்வாளர் ஓட்டிசமுடைய 21 குழந்தைகளின் மூளைக் குருதியோட்டத்தை அளந்தனர். அறிவு வளர்ச்சி குன்றிய, ஆயின் ஓட்டிசமில்லாத, 10 குழந்தைகளோடு அவர்களை ஒப்பிட்டனர். காதுகளை அடுத்து இருபுறமும் அமைந்த கடைநுதற் சோணைகளில் ஓட்டிசமுடையோர்க்குக் குருதியோட்டம் குறைந்திருந்தது. தனித்தனியே நோக்கியபோது 21 பேருள் 16 பேரிடத்து இக்குறைவு காணப்பட்டது. மனிதக் குரலையும் பார்வையின் போக்கையும் உணர்தற்குத் துணைபுரிவன அச்சோணைகளே. அதே ஆண்டில், வேறொரு முறையால் 23 குழந்தைகளை ஆராய்ந்த யப்பானியரும் அச்சோணைகளின் மேற்பகுதியில் குறைவு கண்டனர்.

இம்முடிவுகளை அளவிறந்து விரித்தல் தகாது. குருதி குறைந்தமையால் தொழில் குன்றிற்றா, தொழில் குன்றியமையால் குருதி குறைந்ததா என்பதைப் படம் மட்டும் கூறாது. பிந்திய ஆய்வுகள் சில, சிலவிடங்களில் குருதியோட்டம் மிகுந்திருத்தலையும் காட்டின. ஆதலின், ஓட்டிசம் இன்றும் குழந்தையின் நடத்தையையும் வளர்ச்சி வரலாற்றையும் கொண்டே துணியப்படுகின்றது. மூளைக்கு ஒட்சிசனைப் பெருக்குவதாகக் கூறி, அழுத்தமிக்க அறையில் குழந்தையை இருத்தும் சிகிச்சையினால் ஓட்டிசம் தணியும் என்பது நிறுவப்படவில்லை. காதுக்கு ஊறு நேர்தலோ உண்டு.

மூளையை அளந்த இவ்வாய்வுகள் நோய்க்கு மருந்து காட்டினவல்ல. எனினும், தாயின் மடியிற் சுமத்தப்பட்ட பழியை நீக்கிய சான்றுகளுள் இவையும் சேர்ந்தன. அன்னையைக் குற்றவாளியாக நோக்காது துணைவியாகக் கொள்ளும் வைத்தியரும் ஆசிரியருமே குழந்தைக்குப் பயன்படுவர்.